மஞ்சள் இறகு அம்பு

ஏப்ரல் 17, திங்கள்

எனக்குப் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். என் வலது கையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இல்லை, இல்லை என்றேன். "உங்க முகம் ஆமாங்குதே" என்று சிரித்தாள். தோள்பட்டைத் தசைநாரில் கிழிசலாம். இந்த வசந்தத்தில் வில்லைத் தொடவே கூடாதாம். தொட்டே தீருவேன் என்றால் கிராஸ்போ வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அதில் நாணை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தினால் போதுமாம்.

பதினோரு வசந்தமாக விஸ்கான்சின் மண்ணில் உட்கார்ந்து வில்லால் வான்கோழி வேட்டையாடுகிறவளுக்கு யோசனை சொல்கிறாள்! ஐம்பத்தெட்டு வயதுப் பெண் என்றதும் எல்லோருக்கும் வாய் நீண்டுவிடுகிறது.

வீட்டுக்கு வந்தால் இவரும் அதே பாட்டு. என் கணவர் சென்னியப்பன் ஓய்வு பெற்ற நாளிலிருந்து சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொண்டார். அங்கிருந்தபடியே எனக்குப் புத்தி சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் புள்ள சொல்றதுல என்ன தப்பு அம்மிணி? ஒரு வருசம் உட்டாத்தான் என்னாகிப்போகுது?"

"நீங்க ஒரு வருசம் காப்பி குடிக்காம இருங்க, பாக்கலாம்."

வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

மதியம் லொரெய்ன் பண்ணைக்குப் போய்க் கூடாரத்தை அடித்துவிட்டு வந்தேன். லொரெய்னுக்கு எழுபது வயது, கணவன் இல்லை, நாற்பது கறவை மாடு. சோளக்காட்டின் ஓரத்தில் ஓக் மரங்கள் தொடங்கும் இடத்தை எனக்கென்றே விட்டுவைத்திருக்கிறாள். வான்கோழிக்குக் கண் மகா கூர்மை, விரல் அசைந்தாலே ஓடிவிடும். அதனால்தான் இந்தத் துணிக் கூடாரம். உள்ளே கறுப்பு, மூன்று சின்ன ஜன்னல், ஒரு முக்காலி. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டால் நாணை இழுப்பது வெளியே தெரியாது. நான்கு முளைகளையும் நானேதான் அடித்தேன். யாரும் வந்து உதவவில்லை, நான் கூப்பிடவும் இல்லை.

மாலையில் ஷெட்டில் வில்லைச் சரிபார்த்தேன். நாணின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு போல்ட்டையும் கொஞ்சம் திருகினேன். பருவத்துக்கு முன்னால் எல்லோரும் செய்வதுதான்.

ஏப்ரல் 19, புதன்

இங்கே வசந்த வேட்டையை வாரம் வாரமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு அனுமதிச் சீட்டுக்கு ஒரு சேவல். என் சீட்டு முதல் வாரத்துக்கு, இன்று முதல் 25 வரை.

முதல் நாளே கெட்டது. ஐந்து மணிக்குக் கூடாரத்துக்குள் போய்விட்டேன். மரத்தின் மேலிருந்து சேவல்கள் களகளவென்று கத்த ஆரம்பித்த நேரத்தில் கொட்டகைப் பக்கமிருந்து வண்டிச் சத்தம். கர்ட்! லொரெய்னின் அண்ணன் மகன். நாற்பது வயது ஆகிறது, காலையும் மாலையும் அத்தைக்குப் பால் கறந்து கொடுக்கிறான். அவனும் என்னைப்போல் ஊர் வில் கழகத்து ஆள்தான். அவனுடைய சீட்டு அடுத்த வாரத்துக்கு. அப்படியிருக்க என் வாரத்தில் அந்த நான்கு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு வயலோரத்தில் இவனுக்கு என்ன வேலை?

எட்டு மணிக்கு வெளியே வந்தபோது வேலியோரம் நின்றிருந்தான்.

"கன்னுக்குட்டி ஒண்ணு வெளிய போயிடுச்சு டாமி, அதான் வந்தேன். மன்னிச்சுக்கோங்க. கிழக்கு மூலையில ரெண்டு சேவல் இருக்கு, நேத்துப் பார்த்தேன்."

தமயந்தி என்ற பெயரை இவர்கள் டாமி ஆக்கி இருபது வருஷம் ஆகிறது. அது இருக்கட்டும். கிழக்கு மூலையைப் பற்றி நான் கேட்டேனா? எனக்குத் தெரியாதா?

"தோள் எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டான். யார் சொன்னார்கள் இவனிடம்?

ஏப்ரல் 20, வியாழன்

மழை. வேலை. எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 22, சனி

தவறிவிட்டது.

விவரமாகவே எழுதுகிறேன். பொம்மைப் பெட்டையைக் கூடாரத்துக்கு எதிரே பதினெட்டு கஜத்தில் நட்டுவைத்திருந்தேன். ஆறு மணி சுமாருக்குச் சிலேட்டு வட்டில் குச்சியை உரசிப் பெட்டைபோல் மெல்லக் கூப்பிட்டேன். இந்தக் கழகத்தில் என்னைப்போல் கூப்பிட ஆள் இல்லை, இதை நானாகச் சொல்லவில்லை, கழகத் தலைவரே சொல்லியிருக்கிறார். மூன்றாம் கூப்பாட்டுக்குப் பதில் வந்தது. பிறகு இரண்டு பெட்டைகள், அவற்றின் பின்னால் அவன். வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனி தரையில் உரச, தலை வெளுத்துச் சிவந்து நீலம் பாரித்து, ஒரு சாண் தாடி நெஞ்சில் தொங்க வந்தான். பொம்மையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தான்.

நாணை இழுத்தேன். பாதியில் நின்றது. விட்டு, மூச்சை இழுத்து, மறுபடி இழுத்தேன். முக்காலி கிறீச்சிட்டது. அவன் தலையைத் தூக்கினான். எய்தேன்.

அம்பு இறகில் உரசிக்கொண்டு போயிற்று. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, மண்ணில் பாய்ந்த சத்தமாக இருக்கும். அவன் ஓடினான். ஒரு பக்க இறக்கை கொஞ்சம் தாழ்ந்தாற்போல இருந்தது. பயந்து ஓடும் பறவை எப்படியும் ஓடும்.

பத்து நிமிஷம் தேடினேன். அம்பு கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு எனக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. ரத்தக் குப்பிகள் எனக்காகக் காத்திருக்குமா?

"என்னாச்சு அம்மிணி?" என்று இவர் போனில் கேட்டார்.

"தப்பிடுச்சுங்க."

"காயமில்லையே?"

இந்த மனிதருக்கு வேட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேள்வி மட்டும் சரியாக வருகிறது.

ஏப்ரல் 23, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்தில் சித்திரை விழா. பள்ளிக்கூட அரங்கத்தில் முந்நூறு பேர். கை வலியோடு பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனது என் தப்பு. சாப்பாட்டு வரிசையில் ஒரு புதுப் பெண், கணினி வேலைக்கு வந்தவள், "ஆன்ட்டி, நீங்க வான்கோழிய அம்பு விட்டுக் கொல்லுவீங்களாமே, பாவமா இல்லையா?" என்றாள். அவள் தட்டில் கோழிக்கால் இரண்டு.

"உன் தட்டுல இருக்கறது எப்படிச் செத்துதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "நான் எய்யறது ஒரு நொடியில முடியும். அப்படி எய்யத் தெரியாதவங்க வில்லத் தொடவே கூடாது. அடிச்சுட்டுத் தேடாமப் போறவங்கள நான் மனுசன்லயே சேக்க மாட்டேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. இவர் பாயசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 24, திங்கள்

கோபத்தில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு லொரெய்ன் கூப்பிட்டாள். "டாமி, கொட்டகைக்குப் பின்னாடி ஒரு சேவல் நிக்குது. இடது இறக்கைய இழுத்துக்கிட்டு நடக்குது. பறக்க முடியல. ராத்திரி விறகுக் குவியலுக்கு அடியிலதான் படுத்திருந்திருக்கு போல. உடம்புல ஏதோ குத்திக்கிட்டு நிக்குது. மஞ்சளா தெரியுது."

மரமேறித் தூங்க வேண்டிய பறவை தரையில் படுக்கிறது என்றால் நரிக்கும் கயோட்டி ஓநாய்க்கும் விருந்து வைத்த மாதிரி. எந்தப் பாவி இதைச் செய்தது? எய்துவிட்டுத் தேடக்கூட இல்லை. வீட்டுக்குப் போய் முட்டை பொரித்துச் சாப்பிட்டிருப்பான்.

அந்த நிலத்தில் வில்லோடு நுழையக்கூடியவர்கள் இரண்டே பேர். நான், கர்ட். மஞ்சள் இறகு எல்லாக் கடையிலும்தான் விற்கிறார்கள். புதன்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வயலோரம் திரிந்தது யார்? கிழக்கு மூலையில் இரண்டு சேவல் என்று எண்ணி வைத்திருந்தது யார்?

லொரெய்னிடம் இதைச் சொன்னேன். "கர்ட்டா?" என்றாள். "வேற யாரு?" என்றேன்.

ஏப்ரல் 25, செவ்வாய்

என் சீட்டின் கடைசி நாள். கூடாரத்துக்குப் போகவில்லை. காரணம் எழுதத் தேவையில்லை.

தீவனக் கடையில் கர்ட்டைப் பிடித்தேன். தோளில் மூட்டையோடு நின்றிருந்தான். கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்றுதான் சத்தமாகவே கேட்டேன்.

"அந்தச் சேவல எய்தது நீதானே?"

"என்ன சொல்றீங்க டாமி? என் சீட்டு நாளைக்குத்தான் ஆரம்பம். நான் வில்லைப் பெட்டியிலருந்தே இன்னும் எடுக்கல."

"அப்போ இன்னும் மோசம். சீட்டில்லாம எய்திருக்க."

மூட்டையைக் கீழே இறக்கினான். முகம் காது வரை சிவந்திருந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"போன வாரம் அந்த வயல்ல வில்லோட உக்காந்திருந்தது யாரு? அதை யோசிச்சுப் பாருங்க."

திமிரைப் பார்! பதினோரு வருஷத்தில் ஒரு பறவையைக்கூடக் காயத்தோடு விடாதவளிடம் இந்தப் பேச்சு!

நேரே கழகத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையில் என் கையால் எழுதி ஒட்டினேன்: "காயம்பட்ட பறவையைத் தேடாமல் விட்டுப்போனவர் இந்தக் கழகத்தில் இருக்கிறார். யாரென்று தெரியும். வெட்கம்." பெயர் போடவில்லை. தீவனக் கடையில் நடந்தது மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், பெயர் எதற்கு?

ஏப்ரல் 26, புதன்

லொரெய்ன் கர்ட்டிடம் தன் நிலத்தில் இந்த வருஷம் வேட்டை கிடையாது என்று சொல்லிவிட்டாளாம். கழகத்திலும் பயிற்சிக் களத்துச் சாவியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நியாயம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது.

"அவன் ஒண்ணும் சொல்லலையாக்கும்?" என்று இவர் கேட்டார்.

"சொல்ல என்ன இருக்குதுங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்." காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். நுரை அடங்கும்வரை ஆற்றினார்.

ஏப்ரல் 28, வெள்ளி

கூடாரத்தைப் பிரிக்கப் போனேன். அடிபட்ட அந்தச் சேவல் இருபதடி தூரத்தில் வந்து நின்றது. பார்த்தேன்.

கூடாரத்தைப் பிரிக்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 29, சனி

மஞ்சள் இறகு யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இறகின் அடியில் ரோஜா நிறத் தையல் நூலைச் சுற்றும் பழக்கமும் வேறு யாருக்காவது இருக்கக்கூடும். தூரத்தில் நிறம் சரியாகத் தெரியாது. வெயில் வேறு முகத்தில் அடித்தது.

துணி துவைத்தேன். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினேன். மகளோடு போனில் பேசினேன். "ஏம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். எல்லோருக்கும் என்மேல் ஒரு கண்!

ஏப்ரல் 30, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர் ஷெட்டிலிருந்து என் அம்புக்கூட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஆறுல அஞ்சுதான் இருக்குது அம்மிணி."

"மண்ணுல போச்சுன்னு அன்னிக்கே சொன்னனுங்க."

"சொன்னே."

உட்கார்ந்தார். எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஷெட்டுல நீ போல்ட்ட நாலு சுத்துத் தளத்துனதப் பாத்தேன். கை முடியாமத்தான் தளத்தறேன்னு தெரிஞ்சுது. கேட்டா உனக்குக் கோவம் வருமின்னு கேக்காம உட்டுட்டேன். அது என்ற தப்பு. இப்பக் கேக்கறேன். அந்த அம்பு எங்க போச்சு?"

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதையும் நம்பியதில்லையா என்று கேட்டேன். நீங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டீர்களா என்று கேட்டேன். அவர் எழுந்து போகவில்லை. நான் ஓய்ந்ததும், "அந்தப் பையன் ஆருகிட்டப் போயிச் சொல்லுவான்?" என்றார். அவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன்.

என்னால் பழைய பலத்துக்கு நாணை இழுக்க முடியவில்லை. போல்ட்டைத் தளர்த்தினேன். தளர்த்திய பிறகு குறி பார்த்துச் சரிசெய்ய வேண்டும், செய்யவில்லை. பயிற்சிக் களத்துக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் போகவில்லை. சனிக்கிழமை அம்பு வலுவில்லாமல், நான் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, இறக்கை மூட்டில் பாய்ந்து நின்றது. அது அம்போடு ஓடியதை நான் பார்த்தேன். அன்றே பார்த்தேன். காட்டுக்குள் அது போன பக்கம் தேடவில்லை, கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் புல்லில் தேடினேன். கிடைக்கக்கூடாது என்றுதான் அங்கே தேடினேன்.

இந்தக் கழகத்தில் என் நிறத்தில் நான் ஒருத்திதான். முதல் வருஷம் ஒருவர் என்னிடம், "இந்த வில் பார்க்கத்தான் லேசா இருக்கும்மா" என்றார். அன்று முதல் என் ஒவ்வொரு அம்பும் நூறு பேருக்கு முன்னால் எய்வதாகவே எனக்கு இருந்திருக்கிறது. மற்றவன் தவறினால் அவன் தவறினான், நான் தவறினால் இவர்களுக்கு இது எதற்கு என்பார்கள். இது பொய்யில்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொண்டே நான் ஒருவனைக் கடையில் நிற்க வைத்து அவமானப்படுத்தினேன். அவன் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டான்.

மே 1, திங்கள்

மாலை பால் கறக்கும் நேரத்துக்குப் போனேன். முதலில் லொரெய்னிடம் சொன்னேன். சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டாள். பிறகு என் கையைத் தட்டி, "எல்லாருக்கும் நடக்கறதுதான் டாமி" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எல்லாருக்கும் நடக்கறது அம்பு தவறறது. நான் செஞ்சது அது இல்ல. அண்ணன் பையன உன் நிலத்தை விட்டுத் துரத்த வெச்சேன். என்னை ரெண்டு வார்த்தை திட்டு."

அவள் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "நானும்தான் அவனை ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

கர்ட் கொட்டகையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கர்ட், அந்த அம்பு என்னோடது."

குழாயை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அத்தை மஞ்சள்னு சொன்னப்பவே. போய்ப் பார்த்தேன். ரோஸ் நூல். இந்தப் பக்கம் அப்படிச் சுத்தறது நீங்க ஒருத்தர்தான்."

"ஏன் சொல்லல?"

இப்போது குழாயை மூடினான். "கடையில சொன்னேன். நீங்க காதுல போட்டுக்கல. அத்தைகிட்டச் சொல்லப் போனேன். டாமி அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு சொல்லி வாயை அடைச்சுட்டாங்க. மறுநாள் என் மகளைப் பள்ளிக்கூடத்துல யாரோ கேட்டிருக்காங்க, உங்கப்பாதான் அதுவான்னு. அதுக்கு மேல யார்கிட்டச் சொல்லச் சொல்றீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மாட்டின் காலுக்கடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"என் சீட்டு முடிஞ்சுபோச்சு," என்றேன். "நான் அதைத் தொட முடியாது. உன் சீட்டுக்கு நாளைக்குக் கடைசி நாள், லொரெய்னும் தடையை எடுத்துட்டா. ஆயுதமில்லாம வந்து கூப்பிட மட்டும் எனக்கு வேட்டை விதி இடம் கொடுக்குது. நான் கூப்பிடறேன். நீ துப்பாக்கியால முடிச்சுடு."

குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.

"அஞ்சு மணிக்கு," என்றான். "உங்களுக்காக இல்ல. அந்தப் பறவைக்காக."

மே 2, செவ்வாய்

கூடாரத்தில் இருவர் உட்கார இடம் போதாது. முழங்காலோடு முழங்கால் இடித்தது. இரண்டு மணி நேரம் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கூப்பிட்டேன். உரக்கக் கூப்பிட்டால் வேறு சேவல்கள் முந்திவிடும், அது பின்வாங்கிவிடும். அடிபட்ட பறவைக்குச் சண்டை பிடிக்கத் தெம்பு இருக்காது. அதனால் மேய்கிற பெட்டைகள் தங்களுக்குள் முணுமுணுப்பதுபோல, கேட்டும் கேட்காமலும் கூப்பிட்டேன். ஏழே காலுக்கு மூன்று பெட்டைகள் வந்தன. அவற்றுக்கு வெகு பின்னால், விறகுக் குவியல் பக்கமிருந்து அது வந்தது. வால் விரியவில்லை. நாலடி நடந்து நின்றது, மறுபடி நாலடி. இளைத்துப் போயிருந்தது. அம்பின் பின்பாதி முறிந்து, இறகு மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியது.

இது அசையக்கூடாத நேரம். என் கை சிலேட்டில் நடுங்கியது. கர்ட் தன் இடது கையால் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தான், பார்வையை ஜன்னலிலிருந்து எடுக்காமலே. இன்னும் ஒருமுறை கூப்பிடு என்று அதற்கு அர்த்தம். கூப்பிட்டேன். அது தலையைத் தூக்கிக் கூடாரத்தைப் பார்த்தது.

ஒரே வெடி. பெட்டைகள் பறந்தன. அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

கர்ட் தன் சீட்டை அதன் காலில் கட்டினான். இந்த வசந்தத்துக்கு அவனிடம் இருந்தது அந்த ஒரே சீட்டு. பிறகு கத்தியை எடுத்துக் கொட்டகை வாசலில் அறுத்தான். இடது பக்கம் முழுக்கச் சீழ். நெஞ்சில் பாதிக்குமேல் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. நாற்றம் மூக்கில் ஏறியது. நகராமல் நின்றேன். பத்து நாள் அதை உடம்பில் சுமந்தது அதுதான்.

மூட்டிலிருந்து அம்பை உருவி, புல்லில் துடைத்து, என்னிடம் நீட்டினான்.

"இந்தாங்க."

வாங்கிக்கொண்டேன்.

மே 4, வியாழன்

கழகக் கூட்டம். அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டியதை நானே கிழித்தேன். பிறகு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட், குறி, சனிக்கிழமை, தேடாதது, தேடியதாக நடித்தது, தீவனக் கடை, எல்லாம். கர்ட்டின் பெயரை நான்கு முறை சொன்னேன், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

முடித்ததும் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் நாலைந்து பேர். "இவ்வளவு தைரியமா வந்து சொல்றது பெரிய விஷயம் டாமி" என்று தலைவர் என் தோளில் கை வைத்தார், வலிக்கிற தோளில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எதற்குக் கைதட்டல்? போன வாரம் அவன் உண்மையைச் சொன்னபோது யார் கைதட்டினீர்கள்? அவனிடமிருந்து சாவியை வாங்கியபோது இந்தத் தைரியம் எங்கே போயிற்று? இதையும் அங்கேயே சொன்னேன். கைதட்டல் நின்றது. நாற்காலிகள் நகர்ந்தன. சாவியைக் கர்ட் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று தீர்மானம் ஆயிற்று.

அவன் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் வர வேண்டும்?

வீட்டுக்கு வரும் வழியில் இவர்தான் வண்டி ஓட்டினார்.

"நொம்பக் கத்திட்டியா அம்மிணி?"

"கொஞ்சமுங்க."

"செரி."

மே 10, புதன்

அறுவை சிகிச்சைக்கு ஜூன் முதல் வாரம் நாள் குறித்தாயிற்று. அதுவரை வலது கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

கூடாரத்தை எடுத்துவரலாம் என்று காலையில் பண்ணைக்குப் போனேன். மேற்குப் பக்கத்து வேலி குளிர்காலப் பனியில் சாய்ந்து கிடந்தது. கர்ட் தனியாகக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை தளர்ந்தது. அதைப் பிடிக்கப் போனால் இது அவிழ்ந்தது. நான் வந்ததைப் பார்த்தான். தலையசைக்கவில்லை. இவ்வளவு நாள் பார்த்தவுடன் கையைத் தூக்குகிறவன்.

பழைய தமயந்தியாக இருந்தால் இதற்கும் ஒரு பக்கம் எழுதியிருப்பேன், மன்னிப்புக் கேட்ட பிறகும் முறைப்பா என்று. அவன் கோபம் முழுக்க நியாயம். எத்தனை நாள் வைத்துக்கொள்ள வேண்டுமோ அத்தனை நாள் அவன் வைத்துக்கொள்ளட்டும்.

போகாமல் நின்றேன். கம்பி மூன்றாம் முறை அவிழ்ந்தது.

"பிடிக்கறதா இருந்தா பிடிங்க," என்றான், என்னைப் பார்க்காமல். "பேசாம பிடிங்க."

இடது கையால் பிடித்தேன். பேசவில்லை. பதினோரு மணி வரை பதினாலு கம்பம் முடித்தோம். முள் குத்தி உள்ளங்கையில் இரண்டு இடத்தில் ரத்தம். அவன் பார்த்தான். தன் கையுறையில் இடது கைக்கானதைக் கழற்றிக் கம்பத்தின் மேல் வைத்தான். எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, "நாளைக்குக் கிழக்குப் பக்கம்" என்றான். மாடுகளிடம் சொன்னானா என்னிடம் சொன்னானா தெரியாது. வா என்று சொல்லவில்லை.

ஏழு மணிக்குப் போய் நிற்கப்போகிறேன்.